சிங்கப்பூர் மாமன்

பெருங்குடி, சென்னை
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் அழுவாய். நீ அழுதால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது, சும்மா இருப்பேன். சும்மா இருந்தால், 'கல்லு மாதிரி நிக்கிறான் பாரு' என்று அப்பா சொல்வதை நீயும் சொல்வாய். அதனால் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உன் மாமியார் பிரித்துவிடுவார் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய்.

நம் பெரியப்பா மகன் பிரவீன்குமார், நித்திலனின் காதணி விழாப் பத்திரிகையை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். தாய்மாமன் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கிறது. உன் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். இது அச்சகத்தில் நேர்ந்த தவறு என்றால் பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்திய பத்திரிகையை நானே செய்து தருகிறேன். அவர்கள் பயன்படுத்திய எழுத்துருவைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். தவறு இல்லை என்றால் காரணத்தைச் சொல். 'ஒனக்கே தெரியும்' என்று மட்டும் எழுதாதே. எனக்குத் தெரியாது.

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீ. அவன் பிறந்ததிலிருந்து அதற்காகத் தயாராகி வருகிறேன். தங்கத் தோடு வாங்கி வைத்துவிட்டேன். சத்தம் எனக்கு ஆகாது என்பதால், மேள நாதஸ்வர ரெக்கார்டிங்கை ஹெட்போனில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டுப் பழகினேன். இப்போது கெட்டிமேளம் வரைக்கும் தாங்க முடிகிறது.

இன்னொரு விஷயம். என் மேனேஜர் அடைக்கலமேரி மேடம் சொல்லி, போன மாதம் ஒரு டாக்டரைப் பார்த்தேன். எனக்கு இருப்பது ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம் என்றார். இப்போது ஆட்டிசம் என்ற பெயருக்குள்ளேயே அதையும் சேர்த்துவிட்டார்களாம். நோய் இல்லை, பிறக்கும்போதே மூளை அமைந்த விதம் என்றார். பேய் இல்லை என்று எழுத்தில் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

சேவுகன்

*

கீரனூர்
23.2.2025

தம்பி சேவுகனுக்கு அக்கா எழுதுவது,

உன் கவரைப் பார்த்ததும் பேங்க் நோட்டீஸோ என்று பயந்துபோனேன். கூடப் பிறந்தவளுக்கு எழுதும்போதாவது கையால் எழுதக் கூடாதா? சாப்பிட்டாயா, தூங்கினாயா, பிள்ளை எப்படி இருக்கிறான், ஒரு வார்த்தை இல்லை. எடுத்தவுடன் பத்திரிகை, பெயர், எழுத்துரு. சரி, நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். அச்சகத்தில் தவறு இல்லை. நான்தான் அந்தப் பெயரைப் போடச் சொன்னேன்.

காரணம் தெரியாதாம். என்னை முதலில் பெண் பார்க்க வந்தார்களே இலுப்பூர்க்காரர்கள், அன்றைக்கு என்ன நடந்தது? எனக்குச் செவ்வாய் தோஷம். கம்ப்யூட்டரில் பிறந்த நேரத்தை மாற்றி ஜாதகம் எடுத்தது நீ. தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பேச்சுவாக்கில், 'ஜாதகம் எங்க எடுத்தீக, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கே' என்று கேட்டார். நீ எழுந்து நின்று, 'நான்தான் எடுத்தேன். செவ்வாய் ஏழுல இருந்துச்சு. அப்பா நேரத்த மாத்தச் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டதும் ஆறுக்குப் போயிருச்சு' என்று ஒப்பித்தாய். வைத்த காபி ஆறுவதற்குள் வேனில் ஏறிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் உயிரா போய்விடும் என்பாய். உன் உயிர் போகவில்லைடா. என் கல்யாணம்தான் போனது.

அதற்குப் பிறகு நான் வீட்டில் கிடந்தது எனக்குத்தான் தெரியும். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட ஆளுக்கொரு கேள்வி. உன் மச்சான் வீட்டார் வந்தபோது அப்பா, 'தம்பி சிங்கப்பூர்ல இருக்கான், கொரோனாவுல பிளேன் இல்ல' என்று சொல்லிவிட்டார். திருச்சியில் ரூமில் உட்கார்ந்திருந்த நீயும் அதற்குச் சம்மதித்தாய். அந்தப் பொய்யில்தான் எனக்குத் தாலி ஏறியது.

இங்கே இப்போது நீ சிங்கப்பூர் மாமன். மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையடிக்காத நாள் இல்லை. உன் மச்சான் தன் ஹார்டுவேர் கடைக்கு வருகிற ஆட்களிடம், 'மச்சினன் சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் இன்ஜினியர்' என்கிறார். நீ வந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாலு பேர் வந்து சிங்கப்பூரைப் பற்றிக் கேட்பார்கள். நீ என்ன சொல்வாய்? எனக்குத் தெரியும் நீ என்ன சொல்வாய் என்று.

டாக்டர் ஏதோ பெயர் சொன்னாராமே. பெயர் வைத்தால் ஆச்சா? அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே. லீவு கிடைக்கவில்லை என்று இங்கே சொல்லிவிட்டேன். தோட்டைப் பிரவீனிடம் கொடுத்தனுப்பு.

அக்கா
மணிமேகலை

*

பெருங்குடி, சென்னை
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். தெரிந்தேதான் செய்தாய் என்று புரிந்தது. நேராகச் சொன்னதற்கு நன்றி. இதை நக்கலாகச் சொல்லவில்லை. எனக்கு நக்கல் வராது.

ஜாதக விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். நேரத்தை மாற்றச் சொன்னவர் அப்பா. கம்ப்யூட்டரால்தான் நான் கெட்டேன் என்று ஊரெல்லாம் சொன்ன அதே அப்பா. உனக்கு நல்லது என்றதால் மாற்றினேன். மாற்றியதை மறைக்கவும் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த அறைக்கே வந்திருக்க மாட்டேன்.

நீ பழைய கணக்கைத் திறந்ததால் நானும் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பூட்டியே இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டு வரைந்து, அதில்தான் டைப் செய்து பழகினேன். அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டு, தலை சீவி, பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தது நீ. பிளஸ் டூவில் உனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பையும், 'நீயே வச்சுக்கடா' என்று என்னிடம் கொடுத்தாய். அதை நான் மறக்கவில்லை.

எனக்கு ஏன் கம்ப்யூட்டர் பிடித்தது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. மனிதர்கள் ஒரே வார்த்தையை ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், ஒரு நாள் கோபமாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அர்த்தம் வேறாம். கம்ப்யூட்டர் அப்படிச் செய்யாது. நான் தப்பாக எழுதினால், எந்த வரியில் தப்பு என்று காட்டும். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் நான் வாங்கிய அடி ஒன்றுக்காவது எந்த வரியில் தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பில், மேலே இருந்து வந்த அதிகாரி, 'தினமும் லேப் போறீங்களா?' என்று கேட்டார். எல்லோரும் 'ஆமா சார்' என்றார்கள். நான், 'இல்ல சார், ஒரு நாள்கூட தொறந்ததில்ல' என்றேன். ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். நான் எழுதி வைத்திருந்த அத்தனையும் அதில்தான் இருந்தன. அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. பிடிவாதம் இல்லை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அவன் என் காதுக்குப் பக்கத்தில் உடுக்கை அடித்தான், வேப்பங்குழையால் முதுகில் அடித்தான். நான் காதைப் பொத்தக் கூடாது என்று என் இரண்டு கைகளையும் பிடித்திருந்தது யார் என்று உனக்குத் தெரியும். நான் யார் முகத்தையும் பார்க்காதவன். அன்றைக்கு முழுக்க உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்.

விழாவுக்கு வரவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பிரவீன் போட்ட வீடியோவில் நித்திலன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பின்னாலிருந்து நீ கூப்பிடுகிறாய், மச்சான் கூப்பிடுகிறார், கை தட்டுகிறீர்கள். அவன் திரும்பவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவது திரும்புகிறானா?

சேவுகன்

*

கீரனூர்
9.3.2025

சேவுகா,

என் பிள்ளையை உன் கணக்கில் சேர்க்காதே. அவன் ராசா மாதிரி இருக்கிறான். பெற்றவளுக்குத் தெரியாதா? எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு வீடியோவைப் பார்த்து வியாதி சொல்ல நீ என்ன டாக்டரா? உனக்கு வந்தது ஊருக்கெல்லாம் வர வேண்டும் என்று என்ன ஆசை?

கையைப் பிடித்தேனாம். ஆமாம், பிடித்தேன். அதை இத்தனை வருஷமும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாயா? அந்தக் கோடாங்கி என்னைப் பார்த்து என்ன கேட்டான் தெரியுமா? 'நீ பிடிக்கிறியா, கயிறு போட்டுக் கட்டவா?' என்று கேட்டான். உன்னைக் கட்டுவதைப் பார்க்க முடியாமல்தான்டா நான் பிடித்தேன். எனக்கு அப்போது வயது என்ன? அம்மாவும் இல்லை. அப்பா ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். கயிற்றிலிருந்து காப்பாற்றியவள் நான். அதற்கு நீ காட்டுகிற நன்றி இது. பட்ட காலிலேதான் படும் என்பார்கள், என் விஷயத்தில் அது சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். திரும்புவதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று திருச்சிக்குப் போய்ப் பார்த்தோம், காது நன்றாகக் கேட்கிறதாம். மிக்சி போட்டால் அலறுகிறான். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பான், பிடுங்கினால் தலையைத் தரையில் மோதுகிறான். மூன்று வயதாகிறது, 'அம்மா' என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் கடையில் இருக்கிற பழைய கால்குலேட்டரில் எண்களை வரிசையாகத் தட்டுகிறான். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, 'அப்படியே மாமனக் கொண்டிருக்கான், சிங்கப்பூரு மூளை' என்று கொஞ்சுகிறார்.

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா

*

பெருங்குடி, சென்னை
14 மார்ச் 2025

அக்காவுக்கு,

கயிறு பற்றி நீ எழுதியது எனக்கு இதுவரை தெரியாது. அதை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நித்திலனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவன் தலையை மோதுவது உன்னைப் பழிவாங்க இல்லை. உள்ளே இருக்கிற சத்தம் தாங்க முடியாமல் வெளியே ஒரு வலியை உண்டாக்குகிறான். நானும் செய்திருக்கிறேன். சுவிட்சைப் பிடுங்காதே. போட்டால் எரியும், அணைத்தால் அணையும், அது அவனை ஒரு நாளும் ஏமாற்றாது. அவனைச் சுற்றி வேறு எதுவும் அப்படி இல்லை. அவனோடு பேசும்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. எங்காவது கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். முகத்தைப் பிடித்துத் திருப்பாதே.

மண்டபத்தில் மைக்செட், மேளம், வீடியோ லைட் வேண்டாம் என்று மச்சானிடம் சொல். ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்து, நாலு பேரோடு முடித்துக்கொள்ளலாம். திருச்சியில் ஒரு டாக்டர் பெயரையும் போன் நம்பரையும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். சீக்கிரம் காட்டினால் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பார்கள். என்னை இருபத்தைந்து வயதில் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் நான் கெட்ட பிள்ளை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது வேண்டாம்.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அது அவன் மேல் இல்லை.

சேவுகன்

*

கீரனூர்
9.4.2025

சேவுகா,

வரவில்லை என்று எழுதிக் கொடுத்தவன்தானே நீ? உன் வார்த்தை ஒன்றாவது மாறாது என்று நம்பித்தானே இருந்தேன்?

நான் மச்சானிடம் மைக்செட் வேண்டாம் என்று சொன்னேன். 'ஒரே பிள்ளை, ஊரு என்ன சொல்லும்' என்றார். விழா அன்றைக்கு மைக்செட்டும் மேளமும் வந்துவிட்டன. பிரவீன் மடியில் வைத்ததும் பிள்ளை வீறிட்டான். மேளக்காரன் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று இன்னும் வேகமாக அடித்தான். பிரவீன் கையைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. நாலு ஆம்பளைகள் சேர்ந்து அவனை அமுக்குகிறார்கள், நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திடீரென்று மைக்செட் நின்றது. பார்த்தால், ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நீ.

நீ அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டுப் பக்கம் சுவரோரம் உட்கார்ந்ததையும், காதுகளை உன் உள்ளங்கையால் மூடியதையும், அவன் அழுகை அடங்கியதையும் நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அதோடு நீ எழுந்து போயிருந்தால் இன்றைக்கு உன் காலைக் கழுவிக் குடித்திருப்பேன்.

மாமியார் வந்து, 'யாருப்பா நீ?' என்று கேட்டார். நண்பன் என்று சொல்லியிருக்கலாம். சமையல் ஆள் என்று சொல்லியிருக்கலாம். நீ ஊரே கேட்கும்படி சொன்னாய்: 'நான்தான் தாய்மாமன் சேவுகன். சிங்கப்பூருக்கு நான் போனதே இல்ல. எனக்கு ஆட்டிசம் இருக்கு. இவனுக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். டாக்டர்ட்ட காட்டுங்க.' சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பந்தியில் பாதிப்பேர் இலையைக்கூட மூடவில்லை, எழுந்துவிட்டார்கள்.

நீ போன பிறகு நடந்ததையும் தெரிந்துகொள். அப்பா சாப்பிடாமல் கைகட்டி நின்றார். மாமியார், 'கிறுக்குப் பிடிச்ச வம்சத்துல எம்மவனத் தள்ளிட்டீகளே' என்று மார்பில் அடித்துக்கொண்டார். 'மாமனக் கொண்டிருக்கான்' என்று கொஞ்சின அதே வாய், இப்போது அதையே வேறு மாதிரி சொல்கிறது. உன் மச்சான் அன்றையிலிருந்து என்னோடு பேசவில்லை. பிள்ளையைத் தூக்கவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா சமாதானம் பேச வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? 'எங்க பயலும் இப்படித்தான் வாயடைச்சுக் கெடந்தான். கோடாங்கிட்டப் போய் வந்த பெறகுதான் பேசுனான். இவனையும் கூட்டிப் போவோம்' என்றார். மாமியாரும் பிடித்துக்கொண்டார். சித்திரை அமாவாசைக்குப் போக வேண்டும். போனால் நான் இந்த வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவரங்குளத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விடலாம். அவ்வளவுதான் எனக்கு விட்டிருக்கிற வழி.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டில் இருப்பேன், சொல்.

மணிமேகலை

*

பெருங்குடி, சென்னை
13 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

வரக் கூடாது என்றுதான் இருந்தேன். மேளத்துக்கு நடுவில் அவனை உட்கார வைப்பதை நினைத்துக்கொண்டே இருந்தேன், மற்ற எந்த வேலையும் ஓடவில்லை. அதனால் வந்தேன். வந்ததை உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அது தப்பு.

மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லி அடைக்கலமேரி மேடம் சொன்னார். எதற்கு என்று தெரியாமல் எழுத முடியவில்லை. உன் வீடு ஆட்டம் கண்டதற்கு வருந்துகிறேன். மச்சான் பிள்ளையைத் தூக்கவில்லை என்பதற்கு அதைவிட அதிகம் வருந்துகிறேன். நான் சொன்னதற்கு வருந்தவில்லை. 'யாருப்பா நீ' என்று கேட்டார்கள். பத்திரிகையில் என் பெயரை எடுத்துவிட்டீர்கள். வாயாலும் எடுத்துவிடச் சொன்னால் எப்படி?

சமையல்கட்டில் நித்திலன் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் பேசவில்லை, அவனும் ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் இன்னொரு மனிதரோடு அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை.

இப்போது சொல்லப்போவதை இரண்டு தடவை படி. எனக்குப் பேச்சு திரும்பி வந்தது கோடாங்கி அடித்ததால் இல்லை. பேசாவிட்டால் மறுபடியும் அங்கே கொண்டுபோவீர்கள் என்ற பயத்தில் பேசினேன். தொண்டையில் முள்ளை வைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் முதல் வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். அப்பா கோடாங்கிக்குச் சேவல் கொடுத்தார். அன்றையிலிருந்து நான் பேசுவது எல்லாம் அடிக்குப் பயந்த பேச்சுதான். உண்மையைத் தவிர வேறு எதையும் அதில் சேர்க்க எனக்குத் தெம்பு இல்லை.

நித்திலனுக்கு இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பயந்து பேசக்கூட அவனிடம் ஒன்றும் இல்லை. அவனை அங்கே கொண்டுபோகாதே. என் வீட்டில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் மிக்சிகூட இல்லை.

போனால், நீ அவன் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதையும் யோசித்துக்கொள்.

சேவுகன்

*

திருவரங்குளம்
4.5.2025

சேவுகா,

விலாசத்தைப் பார்த்தே உனக்குப் புரிந்திருக்கும். நானும் நித்திலனும் அப்பா வீட்டில் இருக்கிறோம். அப்பா நான் பொங்கிப் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் மச்சான் ஒரு தடவை வந்தார். அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் கேட்க மாட்டேன் என்றேன். பிள்ளை அவர் பைக் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். நீ கொடுத்த திருச்சி டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறோம். சென்னைக்கு இப்போது வரமாட்டேன். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உன்னால் என் வீடு போனது, அது போனதுதான். நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

அமாவாசைக்குப் போனோம். உன் கடிதம் கையில் கிடைத்திருந்தது, நீ சொன்னபடி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போனேன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் வீடு தங்கும் என்று நினைத்தேன். அதே இடம்தான். பழைய கோடாங்கி செத்துவிட்டான், அவன் மகன் உட்கார்ந்திருக்கிறான். உடுக்கையை எடுத்ததுமே நித்திலன் காதைப் பொத்திக்கொண்டான். 'கைய எடுக்கச் சொல்லு, காது வழியாத்தான் எறங்கணும்' என்றான் கோடாங்கி. பிறகு என்னைப் பார்த்து, 'நீ பிடிக்கிறியா, கயிறு போட்டுக் கட்டவா?' என்று கேட்டான். அவன் அப்பன் கேட்ட அதே கேள்வி, ஒரு சொல்கூட மாறவில்லை.

பிடித்தேன். பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்தேன்.

பிறந்ததிலிருந்து என் முகத்தை ஒழுங்காக ஒரு தடவை பார்க்காத பிள்ளை. சோறு ஊட்டும்போதும் பார்க்கமாட்டான், குளிப்பாட்டும்போதும் பார்க்கமாட்டான். அவன் ஒரு தடவை பார்க்கமாட்டானா என்று நான் அழாத நாள் இல்லை. அன்றைக்குப் பார்த்தான். உடுக்கை அடிக்க அடிக்க என் முகத்தையே பார்த்தான். வேப்பங்குழை முதுகில் விழுந்தது, அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. நீ எழுதியிருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கையை விட்டுவிட்டேன். 'என்னால ஆகாது. கயிறு போட்டுக் கட்டிக்கங்க. கொண்டாங்க பாப்போம்' என்றேன். மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார், அப்பா ஏதோ திட்டினார். கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டுத் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வீட்டுக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் சொன்னாள்:

'கயிறெல்லாம் வக்கிறதில்லம்மா. சும்மா சொல்றதுதான். அப்படிச் சொன்னா வீட்டு ஆளுகளே பிடிச்சுக்குவாக.'

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் வரும் வரைக்கும், பஸ்ஸில் ஏறின பிறகும், இங்கே வந்து இத்தனை நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கயிறே இல்லை, சேவுகா. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அன்றைக்கும் இருந்திருக்காது.

அக்கா